எல்.டி.எல். 102 தானே, பிறகு எதற்கு மாத்திரை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவர் ராயபுரத்துக்காரர், கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கும் பெண். அவருடைய அப்பாவுக்கு வயது 54, துறைமுகத்தில் வேலை, சில வருடங்களாகச் சர்க்கரை நோய். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 190, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 285, எச்.டி.எல். 31, எல்.டி.எல். 102 என்று வந்திருக்கிறது. (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களில் எச்.டி.எல்.லை நல்லது என்றும் எல்.டி.எல்.லைக் கெட்டது என்றும் சொல்வார்கள்.) டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை. "மொத்தமும் 200க்குள் இருக்கிறது, எல்.டி.எல். 102தான், எனக்கு எதற்கு மாத்திரை?" என்று அப்பா முரண்டு பிடிக்கிறார். இறாலையும் கடம்பாவையும் (கணவாய்) உடனே நிறுத்தச் சொல்லி அக்கம்பக்கத்தில் யோசனை வருகிறது. அப்பாவின் கண்ணிமைகளில், மூக்கை ஒட்டி, மஞ்சள் திட்டு வேறு இருக்கிறது. இவற்றோடு மகளுக்குச் சொந்தமாக ஒரு கேள்வி: "கொலஸ்ட்ரில் எஸ்டர் என்பது கொலஸ்ட்ராலின் சேமிப்பு வடிவம் என்று பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சேமிப்பு எப்படி நோயாகும்?"

மகளின் கேள்விக்கு விடை தெரிந்தால் அப்பாவின் கேள்விக்கும் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் நெடுங்காலம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன், மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியவன். எஸ்டரை ஒரு வரியில் கடந்து போவது எனக்கு எப்போதுமே பொறுக்காது.

கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள். நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய விறைப்பான உடல், ஒரு முனையில் குட்டையான வால், மறுமுனையில் மூன்றாம் கார்பன் மேல் ஒரே ஒரு ஹைட்ராக்சில். முழு மூலக்கூறிலும் தண்ணீரோடு சேரக்கூடிய இடம் அது ஒன்றுதான். அந்த ஒன்றின் தயவால்தான் கொலஸ்ட்ரால் செல்லின் சவ்வில் நிலையாக நிற்கிறது. ஹைட்ராக்சில் நீரைப் பார்த்திருக்கும், மீதி உடல் கொழுப்புக்குள் புதைந்திருக்கும். அந்த ஹைட்ராக்சிலின் மேல் ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிணைத்தால் கிடைப்பதுதான் எஸ்டர். பிணைத்த கணமே தண்ணீரோடு இருந்த கடைசி உறவும் அறுந்துவிடுகிறது. சவ்வில் மிகக் கொஞ்சம்தான் தங்க முடியும். மிச்சமெல்லாம் எண்ணெய்த் துளியாகத் திரண்டு ஒதுங்கிவிடும்.

செல் இதை ஏன் செய்ய வேண்டும்? தனிக் கொலஸ்ட்ரால் அளவு மீறினால் விஷம். சவ்வு விறைக்கும், சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதங்கள் வேலை செய்யாது, கடைசியில் செல்லே சாகும். குறிப்பாக, செல்லுக்குள் பின்னிக் கிடக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில் கொலஸ்ட்ராலின் பங்கு நூற்றுக்கு ஐந்து மூலக்கூறு என்ற அளவைச் சுற்றியே இருக்க வேண்டும். கூடினால், புதிதாகக் கொலஸ்ட்ரால் செய்யும் மரபணுக்களையும் வெளியிலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளின் மரபணுவையும் செல் அடக்கிவிடுகிறது. அதே வலையில்தான் ஏகேட் என்ற நொதியும் உட்கார்ந்திருக்கிறது. உபரியாக வரும் கொலஸ்ட்ராலை எஸ்டராக்கித் துளிகளுக்குள் தள்ளுவது அதன் வேலை. காசிமேட்டில் விலை போகாமல் தங்கிய மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதைப் போன்றது இது. அப்படியே விட்டால் நாறிக் கேடு செய்யக்கூடிய பொருள், வடிவம் மாறியதும் பத்திரமாகக் கிடக்கிறது. தேவைப்படும்போது வேறு நொதிகள் எஸ்டர் பிணைப்பை வெட்டிக் கொலஸ்ட்ராலைத் திரும்பத் தருகின்றன. அட்ரீனல் சுரப்பியின் செல்கள் இப்படி எஸ்டர் துளிகளை நிறைத்து வைத்துக்கொண்டுதான், கார்ட்டிசால் தேவைப்படும் நேரத்தில் வெட்டி எடுத்து அதைத் தயாரிக்கின்றன.

ஆக, எஸ்டர் அடிப்படையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு மருந்து தேடிய பெரிய நிறுவனங்கள் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

இடையில், எனக்குப் பிடித்த ஒரு செய்தி. 1888இல் பிராகு நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்ட்ரில் பென்சோவேட்டைச் சூடாக்கினார். அதுவும் ஒரு கொலஸ்ட்ரில் எஸ்டர்தான். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள். திரவம்போல் ஓடினாலும் படிகம்போல் ஒழுங்காக அடுக்கியிருக்கும் திரவப் படிக நிலை அறிவியலுக்குத் தெரியவந்தது அங்கேதான். இன்று நம் கைப்பேசித் திரைகளுக்கு அந்த அறிவியல் வந்து சேர்ந்திருக்கிறது. நம் உடலுக்குள் இருக்கும் எஸ்டரும் அப்படிப்பட்டதே. சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ராடிக் நோயாளியின் சிறுநீர்ப் படிவை நுண்ணோக்கியில் வைத்து, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கிக் கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால், இருண்ட பின்னணியில் சின்னச் சின்ன உருண்டைகள் பளிச்சென்று தெரியும். ஒவ்வோர் உருண்டையின் குறுக்கிலும் கறுப்பாக ஒரு சிலுவை விழுந்திருக்கும். மால்டிஸ் சிலுவை என்பார்கள். திரவப் படிக நிலையில் இருக்கும் கொலஸ்ட்ரில் எஸ்டர் துளிகள் அவை. இறந்தவரின் தமனியில் படிந்த கொழுப்பைச் சுரண்டி வைத்தாலும் அதே சிலுவைகள் தெரியும். எஸ்டரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் முனைவாக்கி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனி ரத்தத்துக்கு வருவோம். செல்லுக்குள் ஏகேட் செய்யும் வேலையை ரத்தத்தில் எல்கேட் என்ற வேறொரு நொதி செய்கிறது. 1962இல் ஜான் குளோம்செட் கண்டறிந்தது. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. எச்.டி.எல். துகளின் மேல் அமர்ந்து, லெசித்தின் என்ற கொழுப்பிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிடுங்கிக் கொலஸ்ட்ராலின் தலையில் கட்டுகிறது. எஸ்டரானதும் கொலஸ்ட்ரால் துகளின் மேற்பரப்பிலிருந்து நழுவி உள்ளே மையத்துக்குப் போய்விடும். மேற்பரப்பில் இடம் காலியாவதால் திசுக்களிலிருந்து மேலும் கொலஸ்ட்ரால் வந்து சேரும். ஏகேட்டுக்கு ஓலியிக் அமிலத்தின் மேல் விருப்பம் அதிகம். எல்கேட் பெரும்பாலும் லினோலியிக் அமிலத்தைக் கட்டுகிறது. இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டுமான செய்தி இல்லை. தமனியின் சுவரில் இருக்கும் எஸ்டர் ரத்தத்திலிருந்து அப்படியே படிந்ததா, செல்லுக்குள் உடைத்துத் திரும்பக் கட்டியதா என்று ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே இந்த அமிலங்களின் விகிதம்தான்.

நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்டர் வடிவில் இருக்கிறது. அப்பாவின் 190இல் சுமார் 130 எஸ்டர். பரிசோதனைக் கூடத்தில் இதை எப்படி அளக்கிறோம் என்று பார்த்தால் இன்னும் தெளியும். பத்து மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்), ஒரு மில்லிலிட்டர் வினைபொருள், 37 டிகிரியில் சில நிமிடங்கள். அதில் முதலில் வேலை செய்வது எஸ்டரேஸ். எஸ்டர் எல்லாவற்றையும் வெட்டிக் கொலஸ்ட்ராலாக்குகிறது. பிறகு ஆக்சிடேஸ் கொலஸ்ட்ராலைத் தாக்க, ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. பெராக்சிடேஸ் அதை வைத்து நிறமற்ற பொருள்களை ரோஜா நிறமாக்குகிறது. நிறம் எவ்வளவு அடர்த்தியோ கொலஸ்ட்ரால் அவ்வளவு. வினைபொருளைச் சரியாகக் குளிர்பதனத்தில் வைக்காமல் எஸ்டரேஸ் செத்துப்போயிருந்தால், தனிக் கொலஸ்ட்ரால் மட்டுமே அளவில் வரும். 200 இருப்பவருக்கு 70, 80 என்று தாளில் விழும். எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் திடீரென்று அப்படிச் சரிந்திருந்தால், மகிழ்வதற்கு முன் வேறோர் இடத்தில் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

சீரத்தின் தோற்றத்தையும் சொல்ல வேண்டும். பால்போலக் கலங்கிய சீரத்தைப் பார்த்து "கொலஸ்ட்ரால் நிறைய இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. கலங்கலுக்குக் காரணம் டிரைகிளிசரைடு சுமக்கும் பெரிய துகள்கள். எல்.டி.எல். துகளின் விட்டம் சுமார் 22 நானோமீட்டர். ஒளியைக் கலைக்க அது போதாது. எல்.டி.எல். 300 இருப்பவரின் சீரம் பளிங்குபோலத் தெளிந்து நிற்கும்.

இப்போது அப்பாவின் தாளை எடுத்துக்கொள்வோம். அந்த 102 பெரும்பாலும் நேரடியாக அளந்த எண் அல்ல, கணக்குப் போட்ட எண். மொத்தம் 190. அதில் எச்.டி.எல். 31ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 57ஐயும் கழித்தால் 102. 1972இல் ஃபிரீடுவால்ட் தந்த சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் செல்லாது, அதற்குக் கீழேயும் ஏற ஏற நம்பகம் குறையும்.

கணக்கைவிடப் பெரிய விஷயம் உள்ளே நடக்கும் பண்டமாற்று. ரத்தத்தில் சி.இ.டி.பி. என்று ஒரு புரதம் இருக்கிறது, கொலஸ்ட்ரில் எஸ்டரை ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் புரதம். சர்க்கரை நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்கு வந்து குவிகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். என்ற பெரிய துகள்களில் ஏற்றி ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சி.இ.டி.பி. அந்த டிரைகிளிசரைடை எடுத்து எச்.டி.எல்.லுக்கும் எல்.டி.எல்.லுக்கும் கொடுக்கிறது, அவற்றிலிருந்த எஸ்டரை எடுத்து வி.எல்.டி.எல்.லுக்குத் தருகிறது. அத்தோடு நிற்பதில்லை. டிரைகிளிசரைடு ஏறிய எச்.டி.எல்.லைக் கல்லீரலின் லைப்பேஸ் என்ற கொழுப்பு வெட்டும் நொதி கரைத்துச் சுருக்குகிறது. சுருங்கியதிலிருந்து புரதம் கழன்று சிறுநீரகம் வழியே அழிந்துபோகிறது. எச்.டி.எல். 31 ஆனது இப்படித்தான். எல்.டி.எல்.லுக்கும் அதே கதி. எஸ்டரை இழந்து, ஏறிய டிரைகிளிசரைடும் கரைந்து, சிறுத்து அடர்ந்த துகளாகிவிடுகிறது.

அதனால் விளைவது என்ன? சாதாரண எல்.டி.எல். துகள் ஒன்றின் மையத்தில் சுமார் 1,500 எஸ்டர் மூலக்கூறுகள் இருக்கும். சிறுத்த துகளில் அதைவிடக் குறைவு. ஆனால் பெரிதோ சிறிதோ, ஒரு துகளுக்கு ஒரே ஓர் அப்போ-பி புரதம். தமனிச் சுவருக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்வது துகள். நம் தாளில் இருப்பதோ அத்துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ராலின் எடை. ஒவ்வொன்றும் குறைவாகச் சுமந்தால், 102 என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்கும் துகள்களின் எண்ணிக்கை அந்த எண் காட்டுவதைவிட அதிகம். போதாக்குறைக்கு, எஸ்டரை வாங்கிக்கொண்ட வி.எல்.டி.எல். மிச்சங்களும் தமனிக்குள் புகுந்து தங்கக்கூடியவையே. அவற்றை எல்.டி.எல். வரி கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதனால்தான் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அது 159. சர்க்கரை உள்ளவருக்கு அது மிக அதிகம்.

இது அப்பா ஒருவரின் கதையல்ல, நம் மக்களின் கதை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் கொழுப்புக் கணக்கு 2014இல் வெளிவந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தவர்கள் 14 சதவீதம்தான். எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72 சதவீதம். மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து "நார்மல்" என்று தாளை மடித்து வைப்பது நம் ஊரில் ஆபத்தான பழக்கம் என்று நான் சொல்வது இதனால்தான்.

"எல்.டி.எல். அதிகமில்லையே" என்ற அப்பாவின் வாதத்துக்கு நேரான பதில் 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில் இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்து, இதய நோய் வராத, எல்.டி.எல்.லும் பெரிதாக உயராத 2,838 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் மருந்து எடுத்தவர்களிடம் 37 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், திட்டமிட்ட காலத்துக்கு இரண்டு வருடம் முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் எழுதியது சரியான மாத்திரை.

இனி, சேமிப்பு நோயாகும் இடம். எல்.டி.எல். துகள் தமனியின் உட்சுவரைக் கடந்து உள்ளே போய் அங்குள்ள சர்க்கரைப் புரத இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. நாளாக ஆக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் வருகின்றன. வழக்கமான எல்.டி.எல். ஏற்பிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமானதாகிவிட்டால் ஏற்பிகளின் எண்ணிக்கை குறையும். பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றது இந்த ஏற்பியையும் அதன் கட்டுப்பாட்டையும் விளக்கியதற்காகத்தான். ஆனால் கெட்டுப்போன எல்.டி.எல்.லை விழுங்கும் துப்புரவு ஏற்பிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உள்ளே எவ்வளவு நிறைந்தாலும் விழுங்கிக்கொண்டே இருக்கும்.

விழுங்கிய துகள் செல்லின் செரிப்புப் பையான லைசோசோமுக்குப் போகிறது. அங்கே அமில லைப்பேஸ் எஸ்டரை வெட்டுகிறது. வெளிவரும் தனிக் கொலஸ்ட்ரால் எண்டோபிளாச வலையை அடைகிறது. ஏகேட் அதைத் திரும்ப எஸ்டராக்குகிறது. செல்லுக்குள் துளி துளியாக நிறைந்து, நுண்ணோக்கியில் நுரை பொங்கியதுபோல் தெரிகிறது. நுரைச் செல் என்ற பெயர் அதனால்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: செல்லை விட்டு வெளியேறக்கூடியது தனிக் கொலஸ்ட்ரால் மட்டுமே. எஸ்டர் வெளியே போக முடியாது. துளியிலிருக்கும் எஸ்டரை வெட்டுவதும் திரும்பக் கட்டுவதுமாக ஒரு சுழற்சி ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. வெட்டும் நேரத்தில் வாசலில் ஏ.பி.சி.ஏ.1 என்ற கடத்தியும், வெளியே வாங்கிக்கொள்ள எச்.டி.எல். புரதமும் இருந்தால் கொலஸ்ட்ரால் வெளியேறும். வாங்க ஆளில்லாவிட்டால் ஏகேட்டிடமே திரும்பிவிடும்.

சேமிப்பதில் நோய் இல்லை. வரத்துக்கு எல்லை இல்லாமல், போக்குக்கு வழியும் இல்லாமல் சேமித்துக்கொண்டே போவதில்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் செல் தாங்காது. தனிக் கொலஸ்ட்ரால் ஊசி ஊசியாகப் படிகமாகும். அந்தப் படிகங்கள் செல்லின் அழற்சிப் பொறியைத் தட்டி எழுப்புகின்றன என்று 2010இல் காட்டினார்கள். செல் சாகிறது, உள்ளே இருந்ததெல்லாம் சுவருக்குள் கொட்டுகிறது, இன்னும் மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. கடைசியில் மெல்லிய மூடியின் கீழே கூழ்போன்ற கொழுப்புக் குழி. மூடி கிழிந்த நொடியில் அதன் மேல் ரத்தம் உறைகிறது. அதுதான் மாரடைப்பு. 1910லேயே அடால்ஃப் விண்டவுஸ், நோயுற்ற மனிதத் தமனியில் கொலஸ்ட்ராலும் அதன் எஸ்டரும் இயல்பைவிடப் பல மடங்கு இருப்பதை வேதியியல் முறையில் அளந்து காட்டினார். 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனியில் அதே நோயை உண்டாக்கினார்.

முன்பு சொன்ன மருந்துக் கதை இங்கேதான் வருகிறது. நுரைச் செல்லில் எஸ்டர் சேர்வதுதான் தொல்லை என்றால், எஸ்டர் கட்டும் ஏகேட்டை முடக்கினால் போதுமே என்று நினைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அப்படி வந்த மருந்துகளில் அவாசிமைப் 2004இல் பலன் தரவில்லை. பாக்டிமைப் 2006இல் பலன் தரவில்லை. பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது மாரடைப்பு போன்றவை கூடின. காரணம், வரத்து அப்படியே இருக்க, பத்திரப்படுத்தும் வழியை மட்டும் அடைத்தால் செல்லுக்குள் குவிவது விஷமான தனிக் கொலஸ்ட்ரால்தான். சி.இ.டி.பி.யை முடக்கும் முதல் பெரிய முயற்சியும் தடுக்கி விழுந்தது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 72 சதவீதம் உயர்த்தியது. அப்படியும் மருந்து எடுத்தவர்கள் அதிகமாக இறந்ததால், சுமார் 15,000 பேரை வைத்து நடத்திய ஆய்வை 2006 டிசம்பரில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்டாட்டின் வெற்றி பெற்றதன் ரகசியம் அது எஸ்டரைத் தொடாததுதான். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. உடனே கல்லீரல் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து துகள்களை இழுத்துக்கொள்கிறது. தமனிக்குப் போகும் வரத்து குறைகிறது. ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து எடுத்த பொருளில் தொடங்கி, 1987இல் முதல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது.

சுழற்சியின் ஒவ்வோர் இடமும் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே சாட்சி வைத்திருக்கிறது. ஏ.பி.சி.ஏ.1 கெட்டால் டான்ஜியர் நோய். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு சின்னத் தீவின் பெயர் அது. 1961இல் விவரித்தார்கள். எஸ்டர் நிறைந்து டான்சில் ஆரஞ்சு நிறமாகியிருக்கும், எச்.டி.எல். ஏறக்குறைய பூஜ்யம். எல்கேட் இல்லாத குடும்பத்தை 1967இல் நார்வேயில் கண்டார்கள். கருவிழி மங்கல், ரத்தசோகை, பிறகு சிறுநீரகச் செயலிழப்பு. லைசோசோமின் அமில லைப்பேஸ் அறவே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு வோல்மன் நோய். வயிறு உப்பி, அட்ரீனலில் சுண்ணாம்பு படிந்து, மருந்து வருவதற்கு முன்பெல்லாம் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதே அரிது. கொஞ்சம் நொதி மிச்சமிருந்தால் கொலஸ்ட்ரில் எஸ்டர் சேமிப்பு நோய். இது பள்ளி வயதிலோ பெரியவர்களானபோதோ கல்லீரல் வீக்கமாக வெளிப்படும். பருமன் இல்லாத பிள்ளைக்குக் கொழுப்புக் கல்லீரலும் உயர்ந்த எல்.டி.எல்.லும் சேர்ந்திருந்தால் இதை நினைக்க வேண்டும். நொதியின் அளவைச் சில சொட்டு ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். 2015 முதல் செபெலிபேஸ் ஆல்ஃபா என்ற மாற்று நொதியும் இருக்கிறது, விலைதான் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது.

நெருக்கமான வீடுகள் நிறைந்த வட சென்னையில் வாழ்பவர்கள் இன்னொரு நுரைச் செல்லையும் அறிந்திருக்க வேண்டும். காசநோய்க் கிருமி நுரையீரலின் மேக்ரோஃபேஜுக்குள் நுழைந்து அதையும் கொழுப்பு நிறைந்ததாக மாற்றுகிறது. காசநோய்க் கட்டியின் நடுவே சேரும் பாலாடைக்கட்டி போன்ற பொருளில் கொலஸ்ட்ராலும் அதன் எஸ்டரும் டிரைகிளிசரைடும் மிகுந்திருக்கின்றன. கிருமிக்கோ கொலஸ்ட்ராலை உடைத்துத் தின்னும் மரபணுக்களே இருக்கின்றன. மாரடைப்பையும் காசநோயையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறோம். ஒரே செல், ஒரே எஸ்டர், இரண்டு நோய்கள். ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த இடத்தைப் பாருங்கள் என்று உங்களுக்குத் தனியாகவே சொல்வேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நூறு கிராம் இறாலில் 150 முதல் 190 மில்லிகிராம் வரை கொலஸ்ட்ரால் இருக்கும், கடம்பாவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. நாம் உண்ணும் கொலஸ்ட்ராலில் பாதியளவுதான் குடல் உறிஞ்சுகிறது. உடலில் உள்ளதில் பெரும்பகுதி உடலே தயாரித்தது. ரத்த எல்.டி.எல்.லை உயர்த்துவதில் நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு, அதன் காரணமும் எஸ்டரில்தான் இருக்கிறது. ஏகேட்டுக்கு ஓலியிக் அமிலம் பிடிக்கும் என்றேன் அல்லவா? கல்லீரலுக்கு ஓலியிக் நிறையக் கிடைத்தால் கொலஸ்ட்ரால் எஸ்டராகி ஒதுங்கிவிடும். எண்டோபிளாச வலையில் கொலஸ்ட்ரால் குறைந்ததாகத் தெரியும், ஏற்பிகள் கூடும். பால்மிட்டிக் போன்ற நிறைவுற்ற அமிலங்கள் நிறைந்தால் எஸ்டராவது மந்தமாகும். தனிக் கொலஸ்ட்ரால் வலையிலேயே தங்கும். ஏற்பிகள் குறையும். ரத்தத்தில் எல்.டி.எல். தேங்கும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் டயட்சியும் அவருடைய சகாக்களும் ஹாம்ஸ்டர் எலிகளில் செய்த சோதனைகளால் இந்தப் படம் தெளிவானது.

ஆகவே இறால் தொக்கை நிறுத்துவதற்கு முன், அது எந்த எண்ணெயில் வெந்தது என்று பாருங்கள். ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம். ஓலியிக்கும் அதே அளவு இருப்பதால் அதை விஷமாகச் சித்திரிப்பது தவறு. இருந்தாலும் மூன்று வேளைச் சமையலுக்கும் அது ஒன்றே என்பது சர்க்கரை நோயாளிக்கு வேண்டாம். கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ அளவாக மாற்றிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை இறால் குழம்பு சாப்பிடட்டும். மத்தியும் கானாங்கெளுத்தியும் இன்னும் நல்லது. மாலையில் வேலை முடிந்து வரும் வழியில், காலையிலிருந்து கொதிக்கும் எண்ணெயில் பொரித்த பஜ்ஜியை விட வேண்டும். டிரைகிளிசரைடு 285க்கு முக்கியமான காரணங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, குவித்த சோறு, சர்க்கரை போட்ட டீ, மது ஆகியவை. மது உண்டா என்று அப்பாவிடம் வீட்டில் யாராவது நேராகக் கேட்க வேண்டும். புகைப் பழக்கம் இருந்தால் எச்.டி.எல். ஏறவே ஏறாது.

கண்ணிமைத் திட்டு தோலுக்கடியில் சேர்ந்த நுரைச் செல்கள்தான், உள்ளே இருப்பது கொலஸ்ட்ரில் எஸ்டர்தான். இது இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ரத்த அளவு இயல்பாகவே இருக்கும். ஆனாலும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2011இல் வெளியான கோபன்ஹேகன் நகர ஆய்வில், ரத்தக் கொழுப்பு அளவுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், இந்தத் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதலாகவே இருந்தது. லேசர் வைத்து நீக்கினால் திட்டு போகும், அபாயம் போகாது. மாத்திரை வேண்டும் என்பதற்கு அந்தத் திட்டும் ஒரு சாட்சி.

அப்பா மாத்திரையைத் தொடங்கட்டும். காரணமில்லாமல் உடல் முழுக்கத் தசைவலி வந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், தானாக நிறுத்திவிடக் கூடாது. தைராய்டு குறைவும் சிறுநீரில் புரதம் போவதும் கொழுப்பு அளவுகளைக் கெடுக்கும், அந்த இரண்டு பரிசோதனைகளையும் ஒருமுறை கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, வலியில்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத் திணறலுமோ வந்தால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்து உட்காராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த 14 மாத்திரைகளை முதலில் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ராயபுரத்தில் இருக்கும் உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, நேராக அங்கேயே போய்விடலாம்.

மாத்திரை தொடங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள், இரவு முழுக்கப் பட்டினி இருந்து, அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடி எடுங்கள். தாள் கைக்கு வந்ததும் எல்.டி.எல். வரியை மட்டும் பார்க்காமல், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை நீங்களே கழித்துப் பாருங்கள். இன்று 159 ஆக இருப்பது 100க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தாளோடு டாக்டரைப் பார்த்து, மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று கேளுங்கள்.